பத்து வயது மாடும் மூன்று மணி நேர அடுப்பும்

கள்ளக்குறிச்சிக் கசாப்புக் கடைகளில் கிடைக்கும் மாட்டுக்கறி ஏன் கடினமாக இருக்கிறது என்று கேட்டால், பலரும் கடைக்காரரையோ சமைத்தவரையோ குறை சொல்வார்கள். முதல் காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாடு என்று சான்று பெற்றால்தான் அறுக்கலாம். 10 வயது என்றால் 120 மாதம்.

அமெரிக்காவின் தரப்படுத்தலில் 9 முதல் 30 மாதம் வரை முதிர்ச்சியின் முதல் படி. 96 மாதத்துக்கு மேற்பட்டவை ஐந்தாவது, கடைசிப் படி. நம் அடிமாடு அந்தக் கடைசிப் படியின் தொடக்கத்தையே 24 மாதம் தாண்டி நிற்கிறது. மாட்டின் வயதைப் பல்லை வைத்துப் பார்ப்பார்கள். எட்டு முன்பல்லும் விழுந்து முளைப்பது 4, 5 வயதுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பல்லின் தேய்மானத்தை வைத்துத்தான் வயது சொல்ல வேண்டும்.

வயது ஏற ஏற, தசையைச் சுற்றியுள்ள சவ்வின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகுகின்றன. கன்றின் சவ்வு சூட்டில் எளிதாகக் கரையும். ஏர் இழுத்த காளையினுடையது லேசில் கரையாது.

அடுத்தது இனம். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மேயும் நாட்டு மாடுகள் திமில் உள்ளவை. அறுத்த பிறகு தசை நாரை உடைப்பது கால்பெயின் என்ற நொதி. அதைத் தடுக்கும் கால்பாஸ்டடின் திமில் இனங்களில் கூடுதல். அதனால் ஆஸ்திரேலியாவின் தர மதிப்பீட்டில் திமிலின் உயரத்தையே அளந்து கணக்கில் சேர்க்கிறார்கள். இதற்காக இனத்தை மாற்றச் சொல்வது அபத்தம். வறண்ட மேய்ச்சலில் பிழைத்து, சரிவில் உழும் மாடு வேறு எங்கே கிடைக்கும்?

மூன்றாவது, கறியைக் குளிரில் வைத்துப் பதப்படுத்தும் நாட்கள். மேல்நாட்டில் 0 முதல் 4 டிகிரியில் 14 நாள், சில சமயம் அதற்கு மேலும் வைப்பார்கள். இங்கே விடியலில் அறுத்த கறி மதியத்துக்குள் குழம்பாகிறது. தசை விறைக்கத் தொடங்கும் நேரம் அது. குளிரறை கட்டினால் தீருமா? கணக்குக்கு 200 கிலோ மாடு, தோலும் குடலும் நீங்கி 90 கிலோ உடல் என்று வைப்போம். திறந்தபடி தொங்கவிட்டால் 8 சதவீதம் உலர்ந்து போகும் என்று கொண்டால் 7.2 கிலோ நட்டம். கிலோ 300 ரூபாய் என்றால் 2,160 ரூபாய், மின்கட்டணம் தனி. இவ்வளவு செலவழித்தும் கிழமாட்டில் பலன் குறைவு. பதப்படுத்தல் தசை நாரைத் தளர்த்தும். முதிர்ந்த சவ்வை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். முதுகுத்தண்டை ஒட்டிய, சவ்வு குறைந்த ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு மட்டும் குளிர்பெட்டி போதும். தொடைக்கும் காலுக்கும் அது வீண் செலவு.

மீதி சுமார் 80 கிலோவுக்கு வழி, ஈரச் சூடும் நேரமும். மலையில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 3,000 அடியில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் எவ்வளவு விறகு தள்ளினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. பிரஷர் குக்கருக்குள் அதே உயரத்தில் சுமார் 118 டிகிரி. 10 டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும் என்ற பொதுவிதிப்படி, 3 மணி நேர வேலை 45 நிமிடத்தில் முடியும். அடுப்பு மணிக்கு 100 கிராம் எரிவாயு எரிக்கிறது என்று கொண்டால், பானைக்கு 300 கிராம், குக்கருக்கு 75. 14.2 கிலோ சிலிண்டரில் முன்னது 47 சமையல், பின்னது 189.

பச்சைப் பப்பாளித் துண்டு போடுபவர்கள் கறியோடு பிசைந்து ஊறவைத்துப் போடட்டும். அதன் நொதி மிதமான சூட்டில்தான் வேலை செய்யும், கொதியில் செயலிழந்துவிடும். இதையெல்லாம் ஊகத்தில் விடாமல் அளந்து பார்க்க இடமும் அருகிலேயே உண்டு. சேலம், கள்ளக்குறிச்சி எல்லையில் 2021இல் திறக்கப்பட்ட தலைவாசல் கால்நடைப் பூங்கா 1,100 ஏக்கர் பரப்புடையது. கறியை அறுக்க எத்தனை கிலோ விசை தேவை என்று அளக்கும் கருவியை வைத்து, நம் உழவு மாட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அட்டவணை அங்கிருந்து வர வேண்டும். கடைக்காரர் எந்தப் பாகத்தைக் குளிரில் வைப்பது, எதைக் குக்கருக்கு என்று சொல்லி விற்பது என்பதற்கு அது போதும்.