கரும்புத் தேரையை இனங்காணல்

கரும்புத் தேரை (அறிவியற் பெயர்: ரைனெல்லா மரினா) என்பது நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட, நச்சுத்தன்மை உடைய ஒரு பெரிய தேரை ஆகும். ஆஸ்திரேலியாவில் இது ஒரு வந்தேறி இனம். அங்கு வீட்டுத் தோட்டங்களில் காணப்படும் உள்நாட்டுத் தவளைகள் சில இத்தேரை எனத் தவறாகக் கருதப்பட்டுக் கொல்லப்படுகின்றன. எனவே சரியாக இனங்காணல் இன்றியமையாதது.

வரலாறு

கரும்புப் பயிரை அழிக்கும் வண்டுகளைக் கட்டுப்படுத்துவதற்காக, 1935 ஆம் ஆண்டில் ஹவாயிலிருந்து சுமார் 100 தேரைகள் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டன. வண்டுகள் குறையவில்லை, தேரைகளே பெருகின. 2009 இல் இவை மேற்கு ஆஸ்திரேலியாவை எட்டின. இவற்றை உண்ணும் குவோல், உடும்பு, பாம்பு முதலிய உயிரினங்கள் நஞ்சினால் இறக்கின்றன. தேரையைக் கவ்வும் வளர்ப்பு நாய்களும் இறப்பதுண்டு.

அடையாளங்கள்

வளர்ந்த கரும்புத் தேரையில் பின்வருவனவற்றைக் காணலாம்:

* கண்களுக்கு மேலிருந்து மூக்கு வரை செல்லும் எலும்பு விளிம்பு
* கண்களுக்குப் பின்னால் தோள்வரை நீளும் பெரிய நச்சுச் சுரப்பிகள்
* உலர்ந்த, மருக்கள் நிறைந்த தோல்
* பொதுவாக 10 முதல் 15 செ.மீ. நீளம்

இதன் முட்டைகள் நீரில் நீண்ட கூழ்ச்சரங்களாக இடப்படுகின்றன.

குழப்பம் தரும் இனங்கள்

மண்ணில் புதைந்து வாழும் பாஞ்சோ தவளை, மழைக்குப் பின் தோட்டங்களில் வெளிப்படும். பருத்த உடலால் இது தேரையைப் போல் தோன்றும். ஆயினும் இதன் தலையில் எலும்பு விளிம்போ, தோளருகே பெரிய நச்சுச் சுரப்பிகளோ இல்லை. முட்டைகளை நுரைத்திரளில் இடும். இதன் குரல் பாஞ்சோ இசைக்கருவியின் நரம்பை ஒருமுறை மீட்டியது போன்றது. கரும்புத் தேரையோ தொலைவில் இயங்கும் இயந்திரம் போல் இடைவிடாது ஒலிக்கும்.

உள்நாட்டுச் சிறு தவளைகள் சிலவற்றுக்கும் தோளருகே சுரப்பிகள் உண்டு. இளம் கரும்புத் தேரைகளிலோ சுரப்பிகள் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறாகும்.

செய்ய வேண்டியவை

ஐயமுள்ள உயிரினத்தை வெறுங்கையால் தொடாமல் ஒளிப்படம் எடுத்து, அறிந்தவரிடம் காட்டுதல் நன்று. குரலைப் பதிவு செய்தும் இனங்காணலாம். இதற்காக ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017 இல் ஃபிராக்ஐடி என்னும் கைபேசிச் செயலியை வெளியிட்டது. உறுதியாகும் வரை அவ்வுயிரினத்தைக் கொல்லலாகாது.