பழைய நிபந்தனை எஞ்சியிருக்கிறதா?

மனிதர் எழுதும் செயல்நிரலைக் கணிப்பொறியின் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். அம்மாற்றத்தில் பொருள் பிறழவில்லை என்பதை நிறுவும் முறைகளைத் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் சோரவ் பன்சலும் அவருடன் பணியாற்றுவோரும் ஆராய்ந்து வந்துள்ளனர்.

மூலமும் மாற்றப்பெற்றதும் வெவ்வேறு விடை தரத்தக்க உள்ளீடு ஏதேனும் உண்டா? இவ்வினா நிபந்தனைகளாக எழுதப்பட்டுத் தருக்கத் தீர்வுநிரல் ஒன்றிடம் ஒப்படைக்கப்படுகிறது. இசட்-3 அத்தகைய நிரல்களுள் ஒன்று. ‘இல்லை’ என்று விடை வந்தால் மாற்றம் சரியானதென்று கொள்வர். ஒரே நிரலிடம் பல வினாக்கள் அடுத்தடுத்துக் கேட்கப்படுவதால், இடையிடையே பழைய நிபந்தனைகளைத் துடைத்துவிடல் வேண்டும்.

ஆபத்து இங்கேதான் உள்ளது. ஓர் எண் 5-ஐவிடப் பெரிது என்ற பழைய நிபந்தனை எஞ்சியிருக்க, அது 3-ஐவிடச் சிறிது என்று புதிதாகக் கூறினால், அத்தகைய எண் இல்லையென்றே நிரல் விடையளிக்கும். பிழை, நிரூபணத்தின் வேடத்தில் வந்துவிடும்!

தேர்தல் பணியாற்றிய ஆசிரியர்களுக்கு இவ்வச்சம் புதிதன்று. மாதிரி வாக்குப்பதிவுக்குப் பின் இயந்திரத்தை அழித்து, எண்ணிக்கை பூஜ்யம் என்று முகவர்களுக்குக் காட்டுவர். ஆயினும் விவிபாட் பெட்டியில் விழுந்த சீட்டுகளைத் தனியே அகற்றியாக வேண்டும். பூஜ்யம் தெரிவதால் பெட்டி காலியாகிவிடாது.

தீர்வுநிரலிலும் அவ்வாறே. நிபந்தனைகளிலிருந்து அது பல துணைமுடிவுகளைத் தானே வருவித்து, வேகத்தின் பொருட்டுச் சேமித்து வைக்கிறது. நிபந்தனைப் பட்டியல் வெறுமையாகத் தோன்றினும், அவற்றுள் ஒன்று உள்ளே தங்கியிருக்கலாம். எனவே பட்டியலைப் பார்ப்பது போதிய சோதனையன்று.

முரணான இரு நிபந்தனைகளைக் கொடுத்து ‘இல்லை’ என்ற விடையை முதலில் பெறல் வேண்டும். துடைத்தபின் எதையும் சேர்க்காமல் மீண்டும் கேட்டால் ‘உண்டு’ என வரவேண்டும். பின்னர் அவ்விரண்டையும் தனித்தனியே கொடுத்துப் பார்ப்பர். அப்பொழுதும் ‘உண்டு’ என்பதே சரி. இது எளிய பகுதி. நிபந்தனைகளை அடுக்கடுக்காக ஏற்றியும் இறக்கியும், கணிப்பொறியே தாறுமாறாக உண்டாக்கும் வரிசைகளால் சோதிப்பதே கடினமான, பயன்மிக்க பகுதியாகும். துடைக்கப்பட்ட நிரலின் விடையும், புதிதாகத் தொடங்கிய நிரலின் விடையும் ஒன்றுக்கொன்று முரண்படின் குற்றம் வெளிப்பட்டுவிடும்.

எஸ்.எம்.டி.-லிப் என்னும் பொதுத்தர விதிகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நிபந்தனைகளைத் துடைக்கும் கட்டளை, மாறிகளின் அறிவிப்புகளையும் நீக்குமா என்பது முன்கூட்டிச் செய்யும் ஓர் அமைப்பைப் பொறுத்தது. ஆதலின் அதே சோதனைகளை இருவகை அமைப்பிலும் நடத்துதல் அவசியம்.