கடைசிப் பந்தியிலிருந்து கணக்குப் போடுங்கள்: பாலைவனத்தில் கேம்பர்வேன் பயணம் எப்படி இயங்குகிறது?

கிராமத்துக் கல்யாணத்துக்குச் சமைக்க வரும் தலைமைச் சமையல்காரர் முதலில் கேட்பது என்னென்ன பலகாரம் என்றல்ல. "கடைசிப் பந்தி எத்தனை மணிக்குங்க? தண்ணி எங்கிருந்து வருது? கடை எவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்பார். கடைசிப் பந்தியின் நேரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வருவார்: உலை எப்போது கொதிக்க வேண்டும், பருப்பு எப்போது வேக வேண்டும், கோட்டை அடுப்பை எப்போது மூட்ட வேண்டும். மளிகை லிஸ்ட் அதற்குப் பிறகுதான். எண்ணெய் தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கிவர வழியில்லாத ஊரில் பந்தி தடையில்லாமல் நடப்பது இந்தக் கணக்கால்தான்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடான அவுட்பேக்கில் கேம்பர்வேன் பயணமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சுமார் 1,530 கி.மீ. வழியில் போர்ட் அகஸ்டாவில் தொடங்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை அப்படியே வடக்கே டார்வின் வரை போகிறது. 1987-லேயே முழுவதும் தார் போட்டுவிட்டார்கள். தார்ச்சாலைதானே என்று பலரும் பார்க்க வேண்டிய இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, கிளம்பும் இடத்திலிருந்து முன்னோக்கித் திட்டம் போடுகிறார்கள். அங்கேதான் பிசகுகிறது.

கடைசிப் பந்தி இங்கே சூரியன் மறையும் நேரம். ஜூன் மாதத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அந்தி நேரத்தில்தான் கங்காருக்கள் மேய வெளியே வருகின்றன. வடக்குப் பிரதேசத்தில் வேலியில்லாத இடங்களில் மாடுகளும் சாலையில் நிற்கும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதும் நிறுவனங்கள் உண்டு. ஆக, நாலரை மணிக்கு வண்டி நின்றிருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் கையில் எட்டரை மணி நேரம். சாப்பாடு, எரிபொருள், கால் நீட்டல் எல்லாம் போக, ஓட்டக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். சராசரி 90 கி.மீ. வேகத்தில் 500 கி.மீ.கூட முழுதாக வராது. ஒரு நாளின் உச்சவரம்பு அதுதான். எழுநூறு, எண்ணூறு என்று எழுதியிருக்கும் திட்டத்தைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

அடுத்து விறகு, அதாவது டீசல். இந்த நெடுஞ்சாலையில் க்ளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் நடுவே சுமார் 250 கி.மீ. தூரத்துக்கு ஒரு பங்க்கூடக் கிடையாது. 70 லிட்டர் டேங்க், நூறு கி.மீ.க்கு 13 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் காகிதத்தில் 538 கி.மீ. போகலாம். ஆனால் கேம்பர்வேன் உயரமான பெட்டி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது: 90-லிருந்து 110-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும்; எதிர்ப்போ ஏறத்தாழ பாதி கூடிவிடும். எதிர்க்காற்றும் அடித்தால் 13 லிட்டர் சுலபமாக 16 ஆகும். சமையல்காரர் கடைசி மூட்டை அரிசியைக் கணக்கில் சேர்க்காமல் ஓரமாக வைப்பதுபோல், கால் டேங்க்கைத் தொடாமல் வைத்துக் கணக்கிட்டால் மிஞ்சுவது 328 கி.மீ. இந்த 250 கி.மீ.யைத் தாண்ட அது போதும். ஒரு பங்க்கை விட்டு அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கப் போதாது. அதனால் எதிர்ப்படும் ஒவ்வொரு பங்க்கிலும், முந்தைய நாளே போன் செய்து திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, டேங்க்கை நிரப்புவதே சரி. சாம்பார் பற்றாவிட்டால் வெந்நீர் ஊற்றி நீட்டலாம். டீசலை நீட்ட ஒரே வழி வேகத்தைக் குறைப்பது.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர். அதை ஒரே அண்டாவில் வைக்கக் கூடாது. வண்டியின் தொட்டி கழுவவும் குளிக்கவும். குடிநீர் தனித்தனிக் கேன்களில். ஒன்று ஒழுகினாலும் மற்றவை நிற்கும். ஊருக்கு ஊர் குழாய் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஓப்பல் சுரங்க ஊரான கூபர் பீடியில் நிலத்தடி உப்புநீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று மின்சாரம். வண்டியில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்ய, மற்றொன்று விளக்கு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டாருக்கு. இரவில் ஃப்ரிட்ஜ் இழுத்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும்படி இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். பின்பக்க ஏசி பெரும்பாலான வண்டிகளில் பேட்டரியில் ஓடாது. வண்டியை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்கில் 240 வோல்ட் இணைப்புக் கொடுத்தால்தான் ஓடும். ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், இணைப்பில்லாத இடத்தில் இரவு தங்கினால் உள்ளே வெந்துபோவோம். மே முதல் ஆகஸ்ட் வரையே போகவேண்டிய காலம் என்பது என் உறுதியான கருத்து. இரவில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும்; கம்பளி போர்த்திச் சமாளிக்கலாம்.

பாத்திரத்துக்கு ஏற்ற பதார்த்தம் என்பது சாலைக்கும் பொருந்தும். ஊட்னடாட்டா டிராக் 600 கி.மீ.க்கு மேல் நீளும் மண்சாலை. இரு சக்கர இயக்க வேனுக்கு அது உரியதல்ல. அதில் இறங்கினால் இன்ஷூரன்ஸும் போய்விடும். மழை பெய்தால் மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். தார்ச்சாலையிலும் 53.5 மீட்டர் நீளம் வரையுள்ள ரோடு டிரெயின் லாரிகள் வரும். அதை முந்த, எதிரே ஒரு கி.மீ.க்கு மேல் காலியான சாலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பின்னாலேயே போங்கள்.

வண்டி நின்றுவிட்டால்? 1963 டிசம்பரில் அவுட்பேக்கின் பேர்ட்ஸ்வில் டிராக் என்ற சாலையில் பெட்ரோல் தீர்ந்து நின்ற காரை விட்டு நடந்துபோன ஐந்து பேர் கொண்ட குடும்பம் முழுவதும் இறந்தது. தேடி வரும் விமானத்தின் கண்ணில் வண்டி படும். புதர்களுக்கு நடுவே நடக்கும் ஆள் பட மாட்டார். வண்டியின் நிழலிலேயே இருங்கள். மொபைல் சிக்னல் ஊர்களுக்கு வெளியே நம்ப முடியாதது என்பதால் சாட்டிலைட் போனோ, 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனோ வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் வழி, தங்கும் இடங்கள், ஒவ்வொரு நாளும் போன் செய்யும் நேரம் மூன்றையும் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். சொன்ன நேரம் தாண்டி எத்தனை மணி நேரத்தில் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.