மாசச் சந்தாவா, ஒரே தடவை வாங்குறதா? போட்டோ எடிட்டிங் சாப்ட்வேருக்கு ஒரு முகூர்த்தக் கணக்கு

போன மார்கழியில ஒரு தம்பி நம்ம ஆபீசுக்கு வந்திருந்தார். சரவணம்பட்டியில ஐ.டி. வேலை. சனி, ஞாயிறு ஆனா கேமராவைத் தூக்கிட்டு பொள்ளாச்சி, அன்னூர், அவிநாசின்னு கல்யாண வேலைக்குப் போயிடுவார். ஆவணி முகூர்த்தம் ஆரம்பிச்சப்ப ஒரு எடிட்டிங் சாப்ட்வேருக்கு மாசம் 1,000 ரூபாய்க்குச் சந்தா எடுத்திருக்கார். மார்கழியில கல்யாணம் இல்லையே, நிறுத்திட்டு தையில மறுபடி எடுத்துக்கலாம்னு கேன்சல் பட்டனை அழுத்தினா, "4,000 ரூபாய் கட்டணும்"னு வருது.

"மாசம் மாசம்தானுங்களே காசு எடுத்தாங்க? அப்புறம் எதுக்குங்க 4,000?"ன்னு கேட்டார்.

அவர் எடுத்தது மாசச் சந்தா இல்லை. ஒரு வருஷ ஒப்பந்தம், பணம் மட்டும் மாசாமாசம். 4 மாசம் கட்டியாச்சு, மீதி 8 மாசம். மீதியில பாதி அபராதம். அதாவது 4 மாசப் பணம். 1,000 ரூபாய் மிச்சம் பண்ணப் போய் 4,000 ரூபாய்க் கணக்கு வந்து நிக்குது.

"சந்தாவா, வாங்குறதா, எது லாபம்?"னு நிறைய பேர் கேக்குறீங்க. மாச விலையை மட்டும் வெச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாது. வருஷத்துல எத்தனை மாசம் நிஜமா பயன்படுத்துறீங்க, வெளியே வர எவ்வளவு ஆகும், இந்த ரெண்டையும் சேர்த்துப் பாத்தாதான் கணக்கு முழுசாகும்.

வாங்குற காலம் எப்படி முடிஞ்சது?

2013 மே மாசம் அடோபி நிறுவனம், இனி போட்டோஷாப்போட புது வெர்ஷன் எல்லாம் சந்தாவுல மட்டும்தான்னு அறிவிச்சது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக் கிடைச்ச கடைசி போட்டோஷாப் சி.எஸ்.6. லைட்ரூம் மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிச்சது. 2015-ல வந்த லைட்ரூம் 6-ஐ 149 டாலருக்கு வாங்க முடிஞ்சது. அதே சமயம் போட்டோஷாப்பும் லைட்ரூமும் சேர்ந்த சந்தா மாசம் 9.99 டாலர். 149-ஐ 9.99-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 15 மாசம். அதுக்கு மேல பயன்படுத்தினா வாங்கினவருக்கு லாபம்.

ஆனா வாங்கின பொருளுக்கும் வயசு உண்டு. லைட்ரூம் 6-க்கு 2017 டிசம்பரோட அப்டேட் நின்னுபோச்சு. 2018 நவம்பர் முடிஞ்சதும் அதுல இருந்த மேப் வசதியும் வேலை செய்யலை. அதுக்கப்புறம் வந்த புது கேமராக்களோட ரா ஃபைலை அது நேரடியா திறக்காது. அடோபியே இலவசமா தர்ற டி.என்.ஜி. கன்வெர்ட்டர்ல மாத்தித்தான் திறக்கணும். அதனால "வாங்கினா ஆயுசுக்கும்"னு நினைக்காதீங்க. அடுத்த கேமரா மாத்துற வரைக்கும்னு வெச்சுக்கோங்க.

சந்தாவுலயும் விலை நம்ம கையில இல்லை. 2025 ஜனவரியில அந்த 9.99 டாலர் பிளானைப் புதுசா வர்றவங்களுக்கு நிறுத்திட்டாங்க. அமெரிக்காவுல ஏற்கெனவே மாசாமாசம் கட்டிட்டு இருந்தவங்களுக்கு 14.99 டாலர் ஆச்சு. ஒரே அடியில 50% ஏத்தம். உங்க சம்பளம் ஒரு வருஷத்துல 50% ஏறுச்சாங்க?

மூணு விதமான விலை

சந்தான்னு பொதுவா சொன்னாலும் விலைப் பக்கத்துல மூணு வகை இருக்கும்.

1. வருஷ ஒப்பந்தம், மாசாமாசம் பணம். மாச விலை குறைவாத் தெரியும், நடுவுல வந்தா அபராதம். அடோபியில முதல் 14 நாளுக்குள்ள கேன்சல் பண்ணா முழுப் பணமும் திரும்ப வரும். அதுக்கப்புறம் மீதி மாசத்துக்கான தொகையில பாதி கட்டணும்.
2. வருஷ ஒப்பந்தம், முழுப் பணமும் முன்னாடியே.
3. உண்மையான மாசச் சந்தா. எப்ப வேணாலும் நிறுத்தலாம், ஆனா மாச விலை அதிகம். எல்லா பிளானுக்கும் இது கிடைக்காது.

அமெரிக்க விலைப்பட்டியல்ல தனி போட்டோஷாப்புக்கு முதல் வகை 22.99 டாலர், மூணாவது வகை 34.49 டாலர்னு இருந்தது. சரியா ஒன்றரை மடங்கு. இந்த விகிதத்தை நம்ம ரூபாய்க்கு மாத்திப் போட்டுப் பாப்போம். வருஷ ஒப்பந்தம் மாசம் 1,000, உண்மையான மாசச் சந்தா 1,500.

4 மாசம் மட்டும் வேணும்னா: ஒப்பந்தத்துல 4,000 + அபராதம் 4,000 = 8,000. மாசச் சந்தாவுல 6,000.
6 மாசம்னா: 6,000 + 3,000 = 9,000. மாசச் சந்தாவுலயும் 9,000. சமம்.
9 மாசம்னா: 9,000 + 1,500 = 10,500. மாசச் சந்தாவுல 13,500.

அப்ப தொடர்ச்சியா 6 மாசத்துக்குக் குறைவான வேலைன்னா, விலை அதிகமாத் தெரியுற மாசச் சந்தாதான் மலிவு. விட்டு விட்டு எடுக்குறவங்களுக்கு இந்தக் கோடு 8 மாசம். ஏன்னா அவங்க நடுவுல வெளியே வர முடியாது, வருஷம் முழுக்க 12,000 கட்டியாகணும். 1,500 ரூபாய்ல 8 மாசமும் அதே 12,000-தான்.

ஆடியும் மார்கழியும்

நம்ம ஊர் போட்டோகிராபருக்கு வருமானம் பஞ்சாங்கத்தைப் பாத்து வருது. ஆடியில கல்யாணம் இல்லை, மார்கழியில இல்லை, புரட்டாசியிலயும் பல குடும்பங்கள்ல வைக்க மாட்டாங்க. ஆட்டோ டெபிட்டுக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. மாசாமாசம் எடுத்துட்டே இருக்கும்.

அதுக்காக உடனே மூணு மாசத்தைக் கழிச்சிடாதீங்க. ஆனியில எடுத்த கல்யாணத்தோட ஆல்பம் வேலை ஆடியிலதான் நடக்கும். போட்டோ எடுக்குற மாசத்தை விட்டுட்டு, எடிட் பண்ற மாசத்தை எண்ணுங்க. போன வருஷம் எந்தெந்த மாசம் ஆல்பம் டெலிவரி பண்ணீங்கன்னு உங்க வாட்ஸ்ஆப்பைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

பேங்க்ல நிறுத்தினா போதுமா?

ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர்ல இருந்து, கார்டுல தானா போற பணத்துக்கு 24 மணி நேரம் முன்னாடியே மெசேஜ் வரணும். பேங்க் வழியா அந்த அனுமதியை நீங்க ரத்து பண்ணவும் முடியும். ஆனா அது பணம் போற குழாயை மூடுறது மட்டும்தான். நீங்க ஒத்துக்கிட்ட ஒப்பந்தம் அப்படியே இருக்கும். முதல்ல கம்பெனியோட பக்கத்துல கேன்சல் பண்ணிட்டு, அப்புறம் பேங்குக்குப் போங்க.

இந்த அபராதத்தைச் சரியாச் சொல்லாம மறைச்சாங்கன்னு 2024 ஜூன்ல அமெரிக்காவோட மத்திய வர்த்தக ஆணையம் அடோபி மேல வழக்குப் போட்டது. நம்ம நாட்டுலயும் 2023 நவம்பர்ல வந்த வழிகாட்டுதல்கள்ல, நுகர்வோரை ஏமாத்துற 13 உத்திகள்ல ஒண்ணா 'சந்தாப் பொறி'யைச் சேர்த்திருக்காங்க. நிறுத்துற வழியை வேணும்னே சிக்கலாக்கினா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுக்கலாம்.

வரியில கழிச்சுக்கலாமே?

ஒரு சி.ஏ.வா நான் அதிகம் கேக்குற கேள்வி இது. சம்பளத்துல இருந்து சாப்ட்வேர் செலவைக் கழிக்க முடியாது. கல்யாண வேலை வருமானத்தைத் தனியா காட்டி, முறையா கணக்கு எழுதினா மட்டும்தான் கழிக்கலாம். அப்பவும் ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. சந்தா அந்த வருஷச் செலவா முழுசாக் கழியும். வாங்கின சாப்ட்வேருக்கு, 1961 சட்டத்தோட விதிகள்படி, வருஷம் 40% தேய்மானம். முதல் வருஷம் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா 20%தான்.

ஆனா உங்கள்ல பல பேர் உத்தேச வருமான முறையில, மொத்த வரவுல இத்தனை சதவீதம் லாபம்னு காட்டுவீங்க. அதுல எல்லாச் செலவும் ஏற்கெனவே அடங்கிடுச்சு. சந்தா எடுத்தாலும் வாங்கினாலும் வரி ஒரு ரூபாய் கூட மாறாது. வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழ இருந்து ஜி.எஸ்.டி. பதிவும் எடுக்கலைன்னா, பில்லுல இருக்குற 18% உங்க கைக்காசுதான், திரும்ப வராது. அதனால வரிக்காக முடிவு எடுக்காதீங்க.

காசே கொடுக்காம முடியுமா?

டார்க்டேபிள், ஜிம்ப் ரெண்டுமே இலவசம். ஒரே தடவை வாங்குற சாப்ட்வேர்னு பேர் எடுத்த அஃபினிட்டியை 2024-ல கேன்வா வாங்கிச்சு. 2025 அக்டோபர்ல அதையும் இலவசமாக்கிட்டாங்க. டி.எக்ஸ்.ஓ. போட்டோலேப் இன்னும் ஒரே தடவை விலையில கிடைக்குது. பொழுதுபோக்குக்கு எடுக்குறவங்க முதல்ல இலவசத்துல மூணு மாசம் பழகுங்க. அது போதலைன்னு தெரிஞ்ச பிறகு காசு போடலாம்.

சந்தாவை விடுறதா இருந்தா, எடிட் பண்ண போட்டோவை எல்லாம் முதல்ல ஜேபெக்காவோ டிஃப்பாவோ எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சிடுங்க. லைட்ரூம் கிளாசிக்ல சந்தா முடிஞ்சாலும் போட்டோவைப் பாக்கலாம், எக்ஸ்போர்ட்டும் பண்ணலாம். திருத்துற பகுதி பூட்டிக்கும். ஆனா அதுல செஞ்ச திருத்தம் எல்லாம் வேற சாப்ட்வேருக்கு அப்படியே போகாது.

கடைசியா, நீங்க போட வேண்டிய கணக்கு

வாங்குற விலையை, அடுத்த கேமரா மாத்துற வரைக்குமான வருஷத்தால வகுங்க. 15,000 ரூபாய் சாப்ட்வேர் 3 வருஷம் ஓடினா வருஷம் 5,000. ஒரே வருஷத்துல கேமரா மாத்தினா 15,000. அதை உங்க வருஷச் சந்தாவோட ஒப்பிடுங்க. சந்தாதான்னு முடிவு பண்ணா, எடிட் பண்ற மாசத்தை எண்ணி மேல சொன்ன 6, 8 கணக்கைப் பாருங்க. வருஷ ஒப்பந்தம் எடுத்தா, அது முடியுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே போன்ல ஒரு ரிமைண்டர் வெச்சிடுங்க. இல்லைன்னா இன்னொரு வருஷத்துக்குத் தானா புதுப்பிச்சிடும்.

அந்தத் தம்பி என்ன பண்ணார்னு கேப்பீங்க. 4,000 கட்டி வெளியே வரலை. தையில இருந்து வைகாசி வரைக்கும் கையில கல்யாணம் இருந்தது. அதனால ஒப்பந்தத்தை முழுசா ஓட்டிடலாம்னு சொன்னேன். ஆடி முதல் வாரத்துக்கு ரிமைண்டரை என் முன்னாடியே வெச்சார்.