டிவி சொல்லாமல் விட்ட கதை... விளையாட்டுத் தொடருக்குத் துணை பாட்காஸ்ட் செய்வது எப்படி?

பரமத்தி வேலூர் பக்கம் (கோட்டை இருக்கிற வேலூர் இல்லீங்க, காவிரிக்கரை வேலூர்) கொடிக்காலில் வெற்றிலை பறிக்கிறவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். ரெண்டு கையும் வேலையில் இருக்கும். கண் இலையை விட்டு நகராது. சும்மா இருப்பது காது மட்டும்தான். பாட்காஸ்ட் அந்தக் காதுக்கான சமாச்சாரம். ஒரு விளையாட்டு ஆவணத் தொடருக்குத் துணையாக நீங்கள் பாட்காஸ்ட் செய்வதாக இருந்தால், கேட்கிறவர் திரையைப் பார்க்கப்போவதில்லை என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொடரில் வந்ததையே திரும்பச் சொன்னால், பத்தாவது நிமிஷத்தில் பாட்டுக்கு மாறிவிடுவார்.

இதில் ரெண்டு வழி உண்டு. 2019-ல் வந்த ‘செர்னோபில்’ தொடருக்கு, எபிசோடுக்கு ஒன்றாக ஐந்து பாட்காஸ்ட் வந்தது. எழுதிய கிரெய்க் மேசினே உட்கார்ந்து எது நிஜம், எதை மாற்றினோம் என்று பேசினார். விளையாட்டுக்கு வந்தால், இ.எஸ்.பி.என் 2009-ல் ஆரம்பித்த ‘30 ஃபார் 30’ ஆவணப்பட வரிசை, 2017-ல் பாட்காஸ்ட்டுக்கும் வந்தது. படங்களை மறுபடி பேசாமல், ஒலிக்கென்றே புதுக் கதைகளைத் தேடிப்போனார்கள். பாஸ்டன் ரசிகர்கள் எதிரணியைத் திட்டி டி-ஷர்ட் விற்ற கதைகூட ஒரு எபிசோடு! (ரெண்டு பேர் மைக் முன்னால் ‘வேற லெவல் ப்ரோ’ என்று மாறி மாறிச் சொல்லிக்கொள்ளும் ரகத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

நமக்கு எது சரிவரும்? நம்ம பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம்.

2020-21 ஆஸ்திரேலியத் தொடரைப் பற்றி நீரஜ் பாண்டே எடுத்த ‘பந்தோன் மே தா தம்’, 2022-ல் நான்கு எபிசோடுகளாக வந்தது. அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட அணி, வரிசையாகக் காயங்கள், கடைசியில் 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்ட்டே தோற்காத பிரிஸ்பேனில் வெற்றி. அந்த பிரிஸ்பேன் டெஸ்ட்டில் அறிமுகமானவர்தான் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். வலைப்பயிற்சியில் பந்து போடப் போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் அறிமுகமானார். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். சரி, தெரியாததைக் கேளுங்கள். அந்த மேட்ச் ஆரம்பித்த 2021 ஜனவரி 15, மாட்டுப்பொங்கல். நம்ம நேரத்துக்குக் காலை ஐந்தரை மணி. மாடு குளிப்பாட்ட வேண்டிய நேரத்தில் சின்னப்பம்பட்டியில் யார் வீட்டு டிவி ஓடியது? முதல் விக்கெட் விழுந்தபோது யார் யாரைக் கூப்பிட்டார்கள்? நடராஜனின் அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரக் கடை நடத்தியவர். ஐ.பி.எல்-லுக்காக வெளிநாட்டில் இருந்தபோது பிறந்த மகளை, ஆஸ்திரேலியாவும் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் அவர் பார்க்கிறார். அந்த மாதங்களில் அந்த வீட்டுக்குள் என்ன பேச்சு நடந்தது? கிரிக்கெட் தொடருக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்காது. உங்களுக்கு இருக்கிறது.

ஆனால், கேள்வி மட்டும் போதாது, சத்தம் வேண்டும். விசைத்தறி ஓடும் சத்தத்தை ரெண்டு நிமிஷம் தனியாகப் பதிவு செய்யுங்கள். டென்னிஸ் பந்து மட்டையில் படுவதையும் தோல் பந்து படுவதையும் தனித்தனியே பிடியுங்கள். டென்னிஸ் பந்தில் ஆரம்பித்தவர் பிரிஸ்பேன் வரை போன தூரத்தை, நீங்கள் ஒரு வார்த்தை பேசாமலே அந்த ரெண்டு சத்தமும் சொல்லிவிடும். பேட்டியைத் தறி ஓடும் இடத்தில் மட்டும் எடுக்காதீர்கள். பேச்சு மூழ்கிவிடும். மெத்தை, துணிமணி இருக்கிற படுக்கையறையில் எடுங்கள், எதிரொலி குறையும். சத்தத்தைப் பிறகு அடியில் சேர்த்துக்கொள்ளலாம். பதில் சொல்லி முடித்தவர் சும்மா இருந்தால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். நல்ல வரி பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

நீளம்? வேலூரில் பஸ் ஏறி நாமக்கல்லில் இறங்குவதற்குள் முடிகிற மாதிரி, அரை மணி நேரம். தொடரின் எபிசோடு வந்த பிறகு வெளியிடுங்கள், முன்னால் வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். டிவி வர்ணனையை வெட்டி ஒட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். ஸ்கோரையும் நடந்ததையும் யாரும் சொல்லலாம். ஒளிபரப்பான ஒலி அப்படியல்ல, அதற்கு உரிமையாளர் உண்டு. நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிபரப்பு உரிமை 25 வருடம் நிற்கும். தொடர் எடுத்த நிறுவனம் அனுமதி வாங்கியிருந்தாலும், அது பாட்காஸ்ட்டுக்கும் சேர்த்துத்தானா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துவிடுங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால், அந்த பந்தை அன்றைக்கு டிவியில் பார்த்த ஊர்க்காரர் ஒருவரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ‘அப்படியே உள்ளே வந்துச்சுங்க’ என்று அவர் ஆரம்பித்தால், குறுக்கே பேசாதீர்கள்.