அம்மாவுக்கு ஒரு டெலிபோன்

லண்டனில் உள்ள விம்பிள்டன் மைதானம். 2004-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி.

பெண்கள் டென்னிஸ் இறுதிப் பந்தயம் முடிந்தது. ஜெயித்தவள் 17 வயதுப் பெண்! தோற்றவர், முந்திய இரண்டு ஆண்டுகளும் அங்கே பட்டம் வென்ற அமெரிக்க வீராங்கனை செரீனா வில்லியம்ஸ். 6—1, 6—4 என்ற கணக்கில் தோற்றார்.

அந்தப் பெண் கூட்டத்துக்குள் ஏறிப் போய்த் தகப்பனாரைக் கட்டிப் பிடித்துக் கொண்டாள். பிறகு மைதானத்திலேயே செல்போனை எடுத்து அழுத்தினாள். அம்மாவுடன் பேச வேண்டுமாம்!

லைன் கிடைக்கவில்லை. அம்மா அப்போது விமானத்தில் போய்க் கொண்டிருந்தார்.

அந்தப் பெண்தான் மரியா ஷரபோவா. விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ரஷ்யப் பெண்.

ஊரை விட்டு ஓட்டம்

மரியாவின் தந்தை யூரி, தாய் யெலேனா. அவர்களுடைய ஊர் பெலாரஸ் நாட்டில் உள்ள கோமெல். 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தது. கோமெலுக்கு அது வெகு தூரம் அல்ல. கதிர்வீச்சுக்குப் பயந்து இருவரும் குளிர் மிகுந்த சைபீரியாவுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு அங்கே மரியா பிறந்தாள்.

பிறகு குடும்பம் கருங்கடல் ஓரத்தில் உள்ள சோச்சி நகரில் குடியேறியது. 4 வயதில் அவளுக்கு டென்னிஸ் மட்டை கிடைத்தது. கொடுத்தவர் யார் தெரியுமா? பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ரஷ்ய வீரர் கபெல்னிக்கோவின் தகப்பனார்!

மாஸ்கோவில் ஒருநாள் சிறுமியின் ஆட்டத்தை மார்ட்டினா நவரத்திலோவா பார்த்தார். விம்பிள்டனை 9 தடவை வென்றவர் அவர். அமெரிக்காவில் பயிற்சி கொடுக்கும்படி யோசனை சொன்னார்.

கையில் 700 டாலர்

1994-ல் தகப்பனும் மகளும் அமெரிக்காவில் உள்ள புளோரிடாவில் போய் இறங்கினார்கள். கையில் இருந்தது 700 டாலர். யூரிக்கு இங்கிலீஷ் சரியாக வராது. கிடைத்த கூலி வேலையைச் செய்தார்.

அம்மாவுக்கோ விசா கிடைக்கவில்லை. ஏழு வயதுக் குழந்தை ஒரு தேசத்தில். தாய் இன்னொரு தேசத்தில். ஒரு நாள் அல்ல, இரு நாள் அல்ல, இரண்டு வருஷம்! பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்? மைதானத்தில் நின்று டெலிபோன் செய்த காரணம் இப்போது புரிகிறது அல்லவா?

ஏற்றமும் இறக்கமும்

2005-ல் மரியா உலகின் முதல் நிலை வீராங்கனை ஆனார். 2006-ல் அமெரிக்கப் பட்டம், 2008-ல் ஆஸ்திரேலியப் பட்டம். அதே ஆண்டு தோளில் ஆபரேஷன் நடந்தது. இனி அவ்வளவுதான் என்றார்கள். அவரோ 2012-லும் 2014-லும் பிரெஞ்சுப் பட்டத்தையே வென்று காட்டினார்!

2016-ல் இடி விழுந்தது. பத்து ஆண்டாகச் சாப்பிட்டு வந்த 'மெல்டோனியம்' மருந்து, அந்த ஜனவரியில்தான் தடைப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலைப் பார்க்கவில்லை என்று அவரே நிருபர்களைக் கூட்டிச் சொன்னார். பார்க்காதது தவறுதான். 15 மாதம் தடை. திரும்பி வந்தும் பழைய வேகம் இல்லை. 2020 பிப்ரவரியில் விலகினார்.

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில், டென்னிஸ் மேதைகளின் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவரை அறிமுகம் செய்து பேச ஒருவர் மேடை ஏறினார். கூட்டம் வியந்தது.

வந்தவர் செரீனா வில்லியம்ஸ்! இருவரும் மோதிய 22 பந்தயங்களில் 20-ல் ஜெயித்தவர் அவர். தோற்ற இரண்டில் ஒன்று, அந்த விம்பிள்டன் பந்தயம்.