பலூனில் அடைக்கும் ஹீலியத்தை டைவர்கள் சுவாசிப்பது ஏன்? பயிற்சி, செலவு, ஆபத்து: முழு விளக்கம்

1992 அக்டோபர் 12. அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு அப்பால், அட்லான்டிக் கடலில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்க ஒரு தந்தையும் மகனும் இறங்கினார்கள். தந்தை கிறிஸ் ரவுஸ், மகன் கிறிஸ்ஸி. ஹீலியம் கலந்த வாயுவில் டைவ் செய்யத் தெரிந்த அனுபவசாலிகள். ஆனால், அன்று அவர்கள் சிலிண்டரில் இருந்தது சாதாரண காற்றுதான். காரணம், செலவு.

கப்பலுக்குள் பொருட்கள் சரிந்து மகன் சிக்கிக்கொண்டார். தந்தை உதவிக்குப் போனார். வெளியே வந்தவர்கள், ஆங்காங்கே நின்று நிதானமாக ஏற வேண்டிய தூரத்தை நிற்காமல் ஏறிவிட்டார்கள். இருவருமே உயிரிழந்தனர். அந்தக் கப்பல் யூ-869 என்பது 1997-ல்தான் உறுதியானது.

காற்றைச் சுவாசித்ததால் மட்டுமே இறந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், சிக்கலான நேரத்தில் தெளிவாக யோசிக்க அந்தக் காற்று விடாது. ஏன்?

காற்றில் அப்படி என்ன பிரச்சினை?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 60 மீட்டரில் அது தரையில் இருப்பதைப் போல 7 மடங்கு. அங்கே மூன்று சிக்கல்கள் சேர்ந்து வரும்.

முதலாவது, நைட்ரஜன். சுமார் 30 மீட்டரிலிருந்து இது மது குடித்தது போன்ற மயக்கத்தைத் தரத் தொடங்கும். இன்னும் ஆழம் போனால் சின்னக் கணக்குகூடத் தப்பாகும். 'நமக்கு ஒண்ணும் ஆகல, நல்லாதானே இருக்கோம்' என்று தோன்றுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

இரண்டாவது, ஆக்ஸிஜன். உயிர் காக்கும் வாயுவே அழுத்தம் கூடினால் நச்சாகும். நீந்தும்போது ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் 1.4-ஐத் தாண்டக் கூடாது, ஓய்வாக நிற்கும்போதும் 1.6 தான் உச்சம் என்பது பொதுவான விதி. 70 மீட்டரில் காற்றைச் சுவாசித்தால் இது 1.68. அப்போது திடீரென வலிப்பு வரலாம். தரையில் வலிப்பு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம், தண்ணீருக்கு அடியில் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் அவ்வளவுதான்.

மூன்றாவது, அடர்த்தி. 60 மீட்டரில் காற்று 7 மடங்கு அடர்த்தியாகிவிடும். மூச்சை இழுத்துவிடுவதே வேலையாகி, கார்பன் டை ஆக்ஸைடு உடலில் தேங்கும். அது மயக்கத்தையும் பதற்றத்தையும் இன்னும் கூட்டும்.

ஹீலியம் என்ன செய்யும்?

ஹீலியம் நைட்ரஜனைப் போல மயக்கம் தராது, எடையும் மிகக் குறைவு. அதனால் நைட்ரஜனிலும் ஆக்ஸிஜனிலும் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் ஹீலியம் நிரப்புகிறார்கள். மூன்று வாயுக்களும் சேர்ந்த இந்தக் கலவைதான் 'ட்ரைமிக்ஸ்'.

உதாரணமாக, 18/45 என்றால் 18% ஆக்ஸிஜன், 45% ஹீலியம், மீதி 37% நைட்ரஜன். இதை 60 மீட்டரில் சுவாசித்தால், காற்றோடு சுமார் 28 மீட்டரில் இருக்கும் அளவு மயக்கம்தான் இருக்கும். ஆக்ஸிஜன் அழுத்தமும் 1.26-தான்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1939-ல் சுமார் 74 மீட்டர் ஆழத்தில் மூழ்கிய ஸ்குவாலஸ் நீர்மூழ்கிக் கப்பலை மேலே கொண்டுவரும் பணியிலேயே அமெரிக்கக் கடற்படையின் டைவர்கள் ஹீலியம்-ஆக்ஸிஜன் கலவையைப் பயன்படுத்தினார்கள்.

நேரடியாக ட்ரைமிக்ஸ் கோர்ஸில் சேரலாமா?

முடியாது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ எடுக்கும் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான். அட்வான்ஸ்டு 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர்.

அதற்கு மேல்தான் டெக்னிக்கல் டைவிங். முதலில் ஆக்ஸிஜன் அதிகமுள்ள நைட்ராக்ஸ் கலவைகளையும், நிறுத்தி நிறுத்தி மேலே ஏறும் டீகம்ப்ரஷன் முறையையும் படிக்க வேண்டும். அடுத்து 60 மீட்டர் அளவுக்கான ட்ரைமிக்ஸ். கடைசியாக 90 முதல் 100 மீட்டர் வரையிலான உயர்நிலை ட்ரைமிக்ஸ். எல்லைகள் பயிற்சி அமைப்புக்கு அமைப்பு சற்று மாறும்.

கடைசிப் படிக்குத் தனிப் பயிற்சி ஏன்? 100 மீட்டருக்கான 10/70 கலவையில் ஆக்ஸிஜன் 10% மட்டுமே. ஆழத்தில் அது போதும். ஆனால், கடலின் மேற்பரப்பில் அதையே சுவாசித்தால் நினைவு தப்பும். அதனால் இறங்கும்போது ஒரு வாயு, அடியில் வேறு, ஏறும்போது 21 மீட்டரில் 50% ஆக்ஸிஜன், 6 மீட்டரில் சுத்த ஆக்ஸிஜன் என மாற்றி மாற்றிச் சுவாசிக்க வேண்டும். தப்பான ஆழத்தில் தப்பான ரெகுலேட்டரை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு சிலிண்டரையும் தானே அளந்து பார்த்து, லேபிள் ஒட்டுவது பயிற்சியில் கட்டாயம்.

அப்போ ஹீலியம் இருந்தால் பயமில்லையா?

அப்படியும் இல்லை. 2005-ல் தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நீருக்கடிக் குகையில், சுமார் 270 மீட்டர் ஆழத்தில் ஆஸ்திரேலிய டைவர் டேவ் ஷா உயிரிழந்தார். அவர் சுவாசித்ததும் ஹீலியக் கலவைதான். அந்த ஆழத்தில் அதுவும் அடர்த்தியாகி, உடலில் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கியதே காரணம். சுமார் 150 மீட்டருக்குக் கீழே ஹீலியமே கை நடுக்கம் போன்ற நரம்புக் கோளாறுகளையும் உண்டாக்கும்.

செலவு எங்கே போகிறது?

தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு 60 மீட்டரில் 140 லிட்டர் தேவை. விட்ட மூச்செல்லாம் குமிழியாக மேலே போய்விடும், விலை உயர்ந்த ஹீலியமும் கூடவே போகும். விட்ட மூச்சைச் சுத்தம் செய்து திரும்பத் தரும் 'ரீப்ரீதர்' கருவி இதைப் பெருமளவு மிச்சப்படுத்தும். ஆனால், கருவியின் விலையும் அதிகம், அதற்குத் தனிப் பயிற்சியும் வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் இடம் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்ம்ஸ், இலங்கையின் மட்டக்களப்புக் கடலில் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. அதன் படங்களைப் பார்த்தாலே இறங்கிப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் பட்ஜெட்டில் கோர்ஸ் கட்டணத்தோடு, ஒவ்வொரு டைவுக்கும் ஆகும் ஹீலியம் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். சான்றிதழ் கையில் இருந்தும் ஹீலியத்துக்குக் காசு போதவில்லை என்றால், ஆழம் குறைந்த டைவைத் தேர்ந்தெடுக்கலாம். கப்பல் எங்கும் போய்விடாது.